சோயாவுக்கு யூரியா

மகளே,

கல்லாவில் நான் உட்கார்ந்திருக்கும்போதே, நம் உரக்கடை வாசலில் நின்று என் வாடிக்கையாளர்களிடம் ஒரு சோயாச் செடியைத் தூக்கிக் காட்டினாய். "வேர்ல முடிச்சு இருக்குல்ல, காத்துல இருந்து தழைச்சத்தை இதுவே தேடிக்கும். யூரியா கொட்டினா இலைதான் மண்டும், காய் பிடிக்காதுண்ணே. மூட்டைய மக்காச்சோளத்துக்கு மட்டும் வாங்குங்க" என்றாய். வண்டியில் ஏற்றிய மூட்டைகளையும் இறக்கி வைத்துவிட்டுப் போனார்கள். என்னை நீ ஏறிட்டும் பார்க்கவில்லை.

உன்னைப் படிக்கவைத்ததே அந்த மூட்டைகள்தான். கோபித்துக்கொண்டு தனியே பயிர் செய்யப் போனவள், என் பிழைப்பிலா கை வைப்பாய்?

நீ சொன்னது பொய்யில்லை. வேலியோரம் நின்று உன் வயலைப் பார்த்தேன். காய் கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது. யாரும் உள்ளே கூப்பிடவில்லை, திரும்பிவிட்டேன்.

இனி என் வாசலில் நிற்காதே. சொல்லியே தீருவேன் என்கிறாயானால் எதிர்க்கடையில் போய்ச் சொல். அங்கேதான் சோயாவுக்கு இன்னும் யூரியா விற்கிறார்கள்.

உன் அப்பா