முழுக்கண் தொட்டி

இறால் பொரிப்பகம், மாங்கேணி
12.05.2025

கஜானிக்கு,

நான் சுகம். நீயும் கண்டிக் குளிரில் சுகமாக இருப்பாய். வாட்ஸ்அப்பில் பாதி வசனத்தில் சண்டை பிடிக்கிறேன், எழுதுவதானால் முழுக் கடிதமாக எழுது என்றாய். இதோ, மின்னஞ்சலில். தபால்காரருக்குக் காத்திருக்கும் பொறுமை எனக்கில்லை.

உன் ஆராய்ச்சித் திட்டத்தை வாசித்தேன். பிழை.

முட்டையைத் தடுத்து வைக்கும் சுரப்பி தாய் இறாலின் கண் தண்டில் இருக்கிறது. ஒரு கண்ணை வெட்டினால் சில நாளில் முட்டை இடும். இங்கே வெட்டுகிறவன் நான். வெட்டாமலே இடும் என்று காட்ட நீ வருகிறாய். நல்லது. ஆனால் ஒப்பிடுவதற்குப் போன வருசம் நான் வெட்டியவற்றின் கணக்கை எடுப்பாயாம், இந்த வருசம் ஒரு கண்ணும் வெட்டமாட்டாயாம். போன வருசத்து மாரி வேறு, தண்ணீர் வேறு. இரண்டு தொட்டியும் ஒரே காலத்தில், ஒரே தண்ணீரில், ஒரே தீனில் நிற்கவேண்டும். இல்லாவிட்டால் பாவா முதலாளி சிரிப்பார், வெட்டு தொடரும். நான் வருசம் முழுக்க வெட்டுவதை நிறுத்துவதற்கு நீ சிலதை வெட்டத்தான் வேண்டும். ஏலாதென்றால் வேறு தலைப்பு எடு.

உன் அம்மா மீன் சொதி கொடுத்துவிட்டார். உன் திட்டத்தைவிட நன்றாக இருந்தது.

மின்ஹாஜ்

கண்டி
19.05.2025

அன்புள்ள மின்ஹாஜ்,

முதலில் கோபம் வந்தது. பிறகு நீ சொன்னது சரி என்று விளங்கியது. அது இன்னும் பெரிய கோபம்.

ஒப்பீட்டுக்கு எத்தனை போதும் என்று புள்ளிவிபரம் படிப்பிக்கும் சேரிடம் கேட்டுவிட்டேன். அதற்கு மேல் ஒன்றுகூட வெட்டப்படாது. வெட்டுமுன் ஐஸ் தண்ணீரில் விறைக்க வைப்போம். இறாலுக்கு முதுகெலும்பு இல்லையாம், அதனால் கம்பஸில் அனுமதிகூடக் கேட்கத் தேவையில்லையாம். முதுகெலும்பு இல்லாவிட்டால் நோவும் இல்லையா? எனக்குத் தெரியாது. தெரியாதபோது நோகும் என்று வைத்துக்கொள்வதுதான் சரி.

இன்னொன்று. நீ வெட்டக்கூடாது. கேள்வி என்னுடையது, என் கையால்தான் வெட்டுவேன். வாறன்.

சொதிச் சட்டியைக் கழுவிக் கொடுத்தாயா? அம்மா கேட்டா.

கஜானி

ஏறாவூர்
10.06.2025

அன்புள்ள கஜானி,

ஹஜ்ஜுப் பெருநாளைக்கு வீட்டுக்கு வந்தேன். நேரே சொல்ல வாய் வராததை எழுதுகிறேன்.

நீ வந்து முதல் கண்ணை வெட்டிய அன்று, கத்தரிக்கோலுக்கு நான் கை நீட்டினேன், நீ தரவில்லை. ஒவ்வொன்றையும் தனி வாளியில் மற்ற அறைக்குக் கொண்டுபோய் வெட்டினாய். முதலாளி எட்டிப் பார்த்து, “இதென்ன மகள், இறாலுக்குப் பிள்ளைப்பேத்து வார்டா?” என்றார். நீ தலை நிமிராமலே, “ஓம் முதலாளி, பிள்ளை பெறத்தானே வந்திருக்காங்க” என்றாய். அவர் வாளிக்கு வழிவிட்டு ஒதுங்கியதை நான் அன்றுதான் பார்த்தேன்.

பெருநாள் குர்பானிக்கு அறுக்கும்போது வாப்பா மாட்டுக்கு முன்னால் கத்தி தீட்டமாட்டார். தண்ணீர் காட்டாமல் அறுக்கமாட்டார். ஒன்று பார்த்து நிற்க மற்றதை அறுக்கமாட்டார். குர்பானி கொடுப்பவர் ஏலுமென்றால் தன் கையாலேயே அறுப்பது எங்கள் வழக்கம். இந்த முறை அவர் கத்தியைக் கழுவியபோது எனக்கு உன் நினைவுதான் வந்தது. சின்னதிலிருந்து பார்த்ததையெல்லாம் பொரிப்பக வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டுத்தான் இவ்வளவு காலமும் உள்ளே போயிருக்கிறேன். கூட்டத்துக்கு நடுவே கையை விட்டுப் பிடித்து, வெட்டி, போட்டுவிட்டு அடுத்தது. அந்த வேகத்தில் எனக்குப் பெருமை வேறு.

வெட்டியவை முட்டை இட்டுவிட்டன. முழுக்கண் தொட்டியில் வெட்டாதவை சும்மா நீந்துகின்றன. மாத முடிவுவரைதான் பொறுப்பாராம் முதலாளி. பிறகு அவற்றையும் வெட்டச் சொல்கிறார். ‘பொறு’ என்று எழுதாதே. எனக்கு அது வராது.

மின்ஹாஜ்

மாங்கேணி
27.06.2025

கஜானி!

இட்டுவிட்டன! முழுக்கண் தொட்டியில் நேற்றிரவு டோர்ச் அடித்துப் பார்த்தேன், முதுகு நீளத்துக்குக் கறுப்பாகச் சினை. இன்று விடிய முட்டை. முதலாளி தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, “அட மனே, கண்ணோடயே இட்டிட்டே!” என்கிறார். நீ பெரிய ஆள்.

நானும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. தண்ணீர் இறங்கும் வற்று நேரம் பார்த்து, கடலைத் தொடும் களப்பின் ஓரம் போய், சினை பிடிக்குமென்று சேற்றுப் புழு தோண்டி, முழுக்கண் தொட்டிக்கு மட்டும் போட்டுவந்தேன். கை முழுக்கச் சிப்பி கீறின காயம். நன்றியெல்லாம் வேண்டாம். வரும்போது நல்ல தேயிலை கொண்டுவா.

மின்ஹாஜ்

கண்டி
28.06.2025

மின்ஹாஜ்,

மற்றத் தொட்டிக்குப் புழு போடவில்லையா?

‘ஒரே தீன்’ என்று எனக்கு எழுதியவன் நீ. முட்டை கண்ணால் வந்ததா, புழுவால் வந்ததா, இனி யார் சொல்வது? என் கையால் வெட்டினேனே, அந்தக் கண்கள் எதற்கு?

இன்றைக்கு இதற்கு மேல் எழுத ஏலாது.

கஜானி

மாங்கேணி
30.06.2025

கஜானி,

நீ வெல்லவேண்டும் என்று அவசரப்பட்டேன். படித்தவன் செய்கிற வேலை இல்லை. அதைப் பேசிப் பயனில்லை, வழியைப் பார்ப்போம்.

புழுவைப் பற்றி எழுதாமல் விடு. உனக்கும் எனக்கும் தவிர ஒருவருக்கும் தெரியாது. அது ஏலாதென்றால், வாழைச்சேனையிலிருந்து புதுத் தாய் இறால்கள் வருகின்றன. மறுபடி வெட்டி முதலில் இருந்து செய்வோம். இந்த முறை நான் வெட்டுகிறேன், பாவம் எனக்கு வரட்டும். உன் பட்டம் பிந்தக்கூடாது.

மின்ஹாஜ்

கண்டி
06.07.2025

அன்புள்ள மின்ஹாஜ்,

இரண்டும் இல்லை.

புழுவை எழுதிவிட்டேன். ஒப்பீட்டு அத்தியாயத்தை எடுத்துவிட்டேன். ஒரு வருசம் பிந்தும் என்றார் பேராசிரியர். பிந்தட்டும்.

நம்முடைய கவனப்பிழைக்கு இன்னும் சில கண்களை வெட்ட என்னால் ஏலாது. காரணம் கண்ணா புழுவா என்பது என் கேள்வி. வெட்டத்தான் வேண்டுமா என்பது உன் பொரிப்பகத்தின் கேள்வி. வெட்டாமல், புழு கொடுத்து, முட்டை வந்ததை உன் கண்ணால் பார்த்தாய். ஆனால் ஒரு தரம்தான். நிரூபித்துவிட்டோம் என்று முதலாளியிடம் பீற்றாதே.

அடுத்த வருசம் இரண்டு தொட்டியும் முழுக்கண். ஒன்றுக்குப் புழு, மற்றதுக்கு வழக்கமான கணவாய். தீன் நான் போடுவேன், நீ தள்ளி நில்.

வெட்டிய தாய்களுக்கும் இன்றிலிருந்து புழு போடு. இனிக் கெட்டுப்போக ஒரு ஒப்பீடும் இல்லை.

கோபம் இருக்கிறது. காயத்துக்கு மஞ்சள் போடு.

கஜானி

மாங்கேணி
15.07.2025

அன்புள்ள கஜானி,

பொய் சொன்னால் உனக்குப் பட்டம், வெட்டினாலும் பட்டம். இரண்டையும் தள்ளிவிட்டுக் காயத்துக்கு மஞ்சள் போடு என்கிற ஒருத்தியிடம் என்னத்தைச் சொல்ல? (போட்டேன். சட்டியும் கழுவிக் கொடுத்தேன்.)

நேற்று வாழைச்சேனை வான் வண்டி வந்தது. தாய்களை இறக்கினதும் முதலாளி, “என்ன மகன், கத்தரிக்கோல் எங்க?” என்றார்.

“வெட்டல்ல முதலாளி. புழு போட்டுப் பார்ப்பம்.”

“நிச்சயமா இடுமா?”

“ஒருக்காத்தான் பார்த்தது. நிச்சயம் எண்டு சொல்ல ஏலா.”

“எப்ப இடும்?”

“தெரியா.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “உனக்குத் தெரியாததும் ஒண்டு இரிக்கா? அந்தப் பிள்ளை உன்னையல்லோ வெட்டிப் போட்டுது!” என்று சிரித்தார். பிறகு, “இந்த ஒரு வட்டம்தான், பொறுத்துப் பார்ப்பம்” என்றார்.

உன் அம்மாவும் இப்போது களப்போரம் வந்து நிற்கிறா. “மனே, அங்கால தோண்டு, இஞ்ச ஒண்டும் இல்ல” என்று கரையில் இருந்தே அதிகாரம். குணம் யாருக்கு வந்திருக்கிறது என்று விளங்கியது.

புதுத் தாய்கள் இரண்டு கண்ணோடும் சுவரோரம் நீந்துகின்றன. நான் கிட்டப் போனால் விலகிப் போகின்றன. முன்பு அவை என்னைப் பார்ப்பதை நான் பார்த்ததில்லை.

வற்றுத் தொடங்கிவிட்டது. மண்வெட்டியோடு நிற்கிறேன். இன்று எல்லாத் தொட்டிக்கும் தோண்டவேண்டும்.

காத்திருக்கப் பழகும்,
மின்ஹாஜ்