அப்பாவின் ஈரலில் இருக்கும் இரும்பு

ஜூலை 9, இரவு

காய்ச்சலோடு ரப்பர் பால் வெட்டப் போன அப்பா, களியக்காவிளையில் வாங்கிய மாத்திரையையும் குலசேகரத்தில் வாங்கியதையும் சேர்த்தே விழுங்கி வந்திருக்கிறார். இன்றுதான் அட்டைகளை வாசித்தேன். இரண்டும் பாராசிட்டமால். கண் மஞ்சளாகி ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்.

“அட்டையில பேரு வேறயில்லியா மக்கா?” என்று என்னிடம் சிரிக்கப் பார்த்தார்.

அம்மா என்னை வராந்தாவுக்கு இழுத்துப்போய், “ஏட்டி, நீ படிச்சவளாச்சே, தீனம் மாறி சொகமாவாரா?” என்றாள். நாளை ரத்தம் பார்த்தால்தான் தெரியும் என்கிறார் டாக்டர்.

ஈரல் நொதியில், ஹீம் என்ற வளையத்தின் நடுவே இருக்கும் இரும்பு ஆக்சிஜனைப் பற்றிக்கொண்டு மூர்க்கமாகும் கணத்தை, அழகென்று என் வேதியியல் நோட்டில் வண்ணப் பென்சிலால் வரைந்து வைத்திருக்கிறேன். அந்த இரும்புதான் அளவுக்கு மிஞ்சிய மருந்தை அப்பாவுக்குள் விஷமாக்குகிறது.

இரும்பே, இன்றிரவு ஆக்சிஜனைத் தொடாதே என்று வேண்டப் போனேன். அவர் ரத்தத்தில் ஆக்சிஜனைத் தொட்டு மூச்சைச் சுமப்பதும் அதே ஹீம் இரும்புதான். நான் என்னவென்று வேண்ட?