செல்வி இன்று எதிர்த்துப் பேசவில்லை

ஆவணி, வெள்ளிக்கிழமை

மதியச் சாப்பாட்டு நேரத்தில் வழக்கம்போல நான்தான் ஆரம்பித்தேன். பெண்களுக்கு மாதாமாதம் அரசாங்கம் பணம் போடுவது உழைக்கிறவர்களைக் கை நீட்டப் பழக்கிவிடும் என்றேன். திட்டம் வந்த நாளிலிருந்து இதைத்தான் சொல்கிறேன். இன்றும் நம்புகிறேன்.

எங்கள் பனியன் கம்பெனியில் நான் சூப்பர்வைசராக இருக்கும் செக்கிங் டேபிளில் வேலை செய்யும் செல்வி, தேனிப் பக்கத்துக்காரி, "அது எங்க வரிப் பணம்க்கா, யாரும் பிச்சை போடலை" என்று சோற்றுக் கையோடு சண்டைக்கு வருவாள். இன்று வரவில்லை. "நீங்க சொல்றதுதான் சரிக்கா" என்று தன் ஆம்லெட்டை எடுத்து என் டப்பாவில் வைத்தாள்.

டப்பாவை மூடி வைத்தேன். ஆர்டர் குறைந்துவிட்டது. திங்கட்கிழமை முதல் யார் யார் வர வேண்டாம் என்று முதலாளி என்னைத்தான் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். அது எப்படியோ எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

அவளைச் சீண்டிப் பார்க்க, அவள் பக்கத்தையே நான் எடுத்துப் பேசினேன். "ஏங்கண்ணு, பஸ்ஸை இலவசமா உட்டதாலதான நம்ம பொண்டுக நாலு பேரு வேலைக்கு வாராங்க?"

"அதுவும் சரிதான்க்கா."

என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

நான் எழுதியதில் அவள் பெயரே கிடையாது. துணியில் ஓட்டை கண்டுபிடிக்க அவளை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? நாளைக் காலையில் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம். சொன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவாள். அதற்கப்புறம் எந்தக் காலத்தில் என்னோடு சண்டைக்கு வரப்போகிறாள்.