சிவப்பரிசியும் காலை அரைக் குளிசையும்

மாரி தொடங்கிய நேரம், உடையார்கட்டில் என் தங்கச்சியின் குசினியில் உன் முகத்தைக் கண்டேன். அன்றிலிருந்தே உனக்கு எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இன்றுதான் கை வந்தது.

அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. தவிடு போகாத சிவப்பரிசி வேகும்போது வருகிற அந்த மணம் வாசலிலேயே உன்னை நினைக்க வைத்துவிட்டது. உள்ளே போனால் சுவர்த் தட்டில் ஒரு அரிசிப் பக்கற். அதில் நீ பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாய். படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில், "என்ர குளிசை வயலில விளையுது" என்று போட்டிருந்தது. அதற்கும் கீழே, குளிசை, மாத்திரை இல்லாமல் சீனி வருத்தத்தை வென்றவரின் பாரம்பரிய அரிசி என்று இன்னொரு வரி. நீ கண்ணை மூடி ஒரு காலபோக அறுவடை முழுதாக முடிந்துவிட்டது மச்சான். போன பிறகும் என்னைச் சும்மா இருக்க விடமாட்டேன் என்கிறாய்.

என் குணம் உனக்குத் தெரியும். பக்கற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு பிடி அரிசியை அள்ளித் தண்ணீரில் போட்டுக் கசக்கினேன், சாயம் இறங்குகிறதா என்று. இறங்கவில்லை. பல்லில் வைத்துக் கடித்தேன். தங்கச்சிக்குச் சிரிப்பு வந்தது.

"அண்ணா, அது சாப்பாட்டு அரிசி. களவெடுத்த சாமான் மாதிரிச் சோதிக்கிறியள்."

அவள் சிரித்துக்கொண்டே திரும்பும்போதுதான் காலைக் கவனித்தேன். இடது பாதத்தில் பழைய சீலைத் துணி சுற்றியிருந்தது. என்ன என்று கேட்டேன். முள்ளுக் குத்தினதாம். எப்போது என்று கேட்டால் போன மாதமாம். சீனி வருத்தக்காரியின் காலில் ஒரு மாதம் ஆறாத முள்ளுக் காயம். 

"கிளினிக்குக்குப் போகேல்லையோ?"

அவள் பானையைப் பார்த்தாள். "குளிசையெல்லாம் விட்டிட்டன் அண்ணா. இந்த அரிசிதான் சாப்பிடுறன். அவரே குளிசை போடாமல்தானே சுகமா இருந்தவர்."

அவர் என்றால் நீ. அந்த இடத்தில் உன் மேல் வந்த கோபத்தை என்னால் எழுத முடியாது. நீ எதிரே நின்றிருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன்.

நமக்கு இந்த வருத்தம் வந்தது ஒரே நாளில். தர்மபுரத்தில் கோயில் மண்டபத்தில் வைத்திய முகாம் என்று சொல்லி, சும்மா பார்க்கப் போன நம் இரண்டு பேரின் விரலிலும் குத்தினார்கள். இரண்டு பேருக்கும் சீனி கூட என்றார் அந்த நேர்ஸ் பிள்ளை. மெஷின் பிழை என்று நான் சத்தம் போட்டேன். மற்ற விரலிலும் குத்தச் சொன்னேன். நீ என்னை இழுத்துக்கொண்டு வெளிக்கிட்டாய். வாய்க்கால் கட்டு வந்த பிறகுதான் மோட்டார் சைக்கிளை நிறுத்தினாய்.

"டேய், நாங்கள் நெல்லு விதைக்கிறம். அரிசியைக் கடையில வாங்கித் தின்னுறம். இதைக் கவனிச்சனியோ?"

நான் கவனிக்கவில்லை. மெஷின் வந்து வெட்டும். ஈரநெல் அப்படியே வயல் வரம்பில் நிற்கும் லொறியில் ஏறிவிடும். பிறகு நாமே கடைக்குப் போய், தீட்டித் தீட்டிப் பளிங்கு மாதிரி ஆக்கின வெள்ளையரிசியை மூட்டையாக வாங்கி வருவோம். காலையில் பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் பேக்கரிப் பாண் ஓட்டோவுக்குக் காத்திருப்போம். பாணும் சம்பலும் தின்றுவிட்டு வயலுக்குப் போனால் பத்து மணிக்கே கை நடுங்கும். அதையும் வேலைக் களைப்பு என்றுதான் நினைத்திருந்தோம்.

நீ சொன்னதோடு நிற்கவில்லை. கனகராயன்குளத்தில் யாரிடமோ பழைய இனமான மொட்டைக்கறுப்பன் விதைநெல் கேட்டு வாங்கி வந்து, உன் வயலில் ஒரு துண்டை ஒதுக்கினாய். உரம் இல்லை, பூச்சிமருந்து இல்லை என்றாய். எனக்கு முதலில் விதையில் சந்தேகம். கலப்பு நெல்லைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்றேன். பயிர் ஆளுயரம் வளர்ந்து, அது அசல்தான் என்று தெரிந்த பிறகு எனக்குத் தண்ணீரில் சந்தேகம் வந்தது.

"மேல் வயல்காரன் அடிக்கிற மருந்தெல்லாம் வாய்க்காலால உன்ர துண்டுக்குத்தானே வருது. பிறகென்ன மருந்தில்லாத நெல்லு?"

வேறு யாராக இருந்தாலும் மண்வெட்டியைத் தூக்கியிருப்பான். நீ வரம்பில் குந்தியிருந்து யோசித்தாய். "வருதுதான். அதுக்காக நானும் அடிக்கோணுமோ?" என்றாய். நீ சொன்னது சரி. அதை அன்றைக்கு நான் ஒப்புக்கொள்ளவில்லை.

கையால் வெட்டி, பீப்பாவில் அவித்து, பாயில் காயவைத்து மில்லுக்குக் கொண்டுபோனோம். உமியை மட்டும் எடு, தீட்டாதே என்று நீ சொன்னபோது மில்காரர் நம்மை ஏற இறங்கப் பார்த்தது நினைவிருக்கிறதா? முதல் சோறு உன் வீட்டில். முருங்கையிலை வறை, பயற்றங்காய்க் கறி. சப்பிச் சப்பி எனக்குக் கன்னம் நொந்தது. மாட்டுக்குப் போடுகிற சாப்பாடு என்று சொன்னேன். உன் மனிசி முகத்தைத் திருப்பிக்கொண்டா.

ஆனால் அந்தக் கிழமை முழுக்க எனக்குப் பத்து மணி நடுக்கம் வரவில்லை. காலையில் அந்தச் சோற்றில் செய்த கஞ்சி குடித்தால் மத்தியானம் வரை வயிறு கூப்பிடவில்லை. உனக்குச் சொல்ல மனமில்லாமல் இரண்டு நாள் மறைத்தேன். பிறகு வீட்டில் நானும் அந்த அரிசிக்கு மாறினேன். இரவில் குரக்கன் ரொட்டி. கிளினிக்கில் சீனி இறங்கியிருக்கிறது என்றபோது மெஷினில்தான் பிழை என்று மறுபடியும் சொன்னேன். இறங்கியதற்கும் மெஷினைக் குறை சொன்ன முதல் ஆள் நான்தான் என்று அந்த டொக்டர் அம்மா சிரித்தா.

அவா நமக்கு வடிவாக விளங்கப்படுத்தினா. தவிட்டில் நார் இருக்கிறது, அதனால் சீனி மெல்ல மெல்லத்தான் இரத்தத்தில் ஏறும், வயிறும் கெதியில் நிறையும். ஆனால் சிவப்பரிசிதானே என்று நீ இரண்டாம் முறையும் கோப்பை நிறையப் போட்டுச் சாப்பிடுகிற கதை அவாவுக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

"சிவப்பெண்டாலும் சோறு சோறுதான் ஐயா. அளவாச் சாப்பிடுங்கோ. உங்கள் ரெண்டு பேருக்கும் குளிசையைப் பாதியாக் குறைச்சிருக்கிறன். நிப்பாட்டேல்லை. விளங்குதோ?"

விளங்குது என்று நீதான் தலையாட்டினாய். அதன் பிறகு ஒவ்வொரு காலையும் வரம்பில் என் பக்கத்தில் இருந்து, கஞ்சியோடு அந்த அரைக் குளிசையைப் போட்டாய். இதை நான் கண்ணால் கண்டவன். அதனால்தான் நெல் விதைக்கிற நம் கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் நீ பேசியதை என்னால் தாங்க முடியவில்லை.

அன்று நீ நன்றாகத்தான் பேசினாய். நம் நெல்லு, நம் குரக்கன், பயறு, முருங்கை எல்லாவற்றையும் சொன்னாய். சனம் வாயைப் பிளந்து கேட்டது. முன்னுக்கு இருந்த ஒருவர், "அப்ப குளிசை போடுறேல்லையோ?" என்று கேட்டார். நீ சனத்தைப் பார்த்தாய். பிறகு சிரித்தாய். "என்ர குளிசை வயலில விளையுது" என்றாய். மண்டபம் முழுக்கக் கைதட்டல். படம் எடுத்ததும் அந்த நேரம்தான்.

நான் எழும்பினேன். "இண்டைக்குக் காலமையும் என்ர கண்ணுக்கு முன்னால அரைக் குளிசை போட்டவர்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். "இவருக்குக் கடவுளிலயும் சந்தேகம்" என்று யாரோ பின்னால் சொல்ல, இன்னும் சிரித்தார்கள். நீயும் சேர்ந்து சிரித்தாய் மச்சான். எனக்கு நொந்தது அதுதான்.

திரும்பி வரும்போது ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

"குளிசையும் போடுறன் எண்டு சொன்னா, சனம் குளிசையைப் போட்டிட்டுப் பாணைத் தின்னும். சோத்தை ஆர் பாப்பினம்?"

"குளிசை வேண்டாமெண்டு ஆரும் விட்டிட்டா?"

"அப்பிடியும் ஆரும் நம்புவினமோ, விசரா?"

அந்த ஒரு மாதம் நான் உன்னோடு கதைக்கவில்லை. ஒருநாள் நீயே கஞ்சிச் செம்போடு என் வரம்புக்கு வந்தாய். குடித்தோம். அந்தக் கதையை இரண்டு பேரும் எடுக்கவில்லை. அடுத்த மாரியில் வயல் தண்ணீரில் நின்ற உனக்கு எலிக்காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று இருந்துவிட்டாய். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது பிந்திவிட்டது.

நம்புவார்களோ என்று கேட்டாயே, தங்கச்சி நம்பினாள். இடம்பெயர்ந்து ஓடின காலத்தில் அவளுடைய பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தவன் நீ. உன் வாயில் வந்த எதையும் அவள் சோதித்துப் பார்த்ததில்லை. அன்று குசினியில், நீ காலையில் குளிசை போட்டதை நான் எடுத்துச் சொன்னபோது என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"செத்த மனிசனிலயும் பிழை பிடிக்கிறியளே அண்ணா. நீங்கள் எப்ப ஆரைத்தான் நம்பினியள்?"

 ஊரே சொல்வதைத்தான் அவளும் சொன்னாள். வாழ்நாள் முழுக்க எல்லாவற்றிலும் சந்தேகப்பட்டவனின் பேச்சு, உண்மையைச் சொல்லும் நாளில் எடுபடவில்லை.

கிளிநொச்சிக்குப் போய் உன் மருமகனைப் பிடித்தேன். அரிசியைப் பக்கற்றில் அடைத்து விற்பது அவர்தான். ஏமாற்றுக்காரர் என்று நினைத்துக்கொண்டு போனேன். அப்படியும் இல்லை.

"மாமா மேடையில சொன்னதைத்தானே அங்கிள் போட்டிருக்கிறன். அவர் பொய் சொல்லியிருப்பாரோ? மாமியைக் கேளுங்கோ. அவா இல்லையெண்டு சொன்னா எடுத்துவிடுறன்."

அங்கிருந்து நேரே உன் வீட்டுக்குப் போனேன். உன் மனிசி உண்மையைச் சொல்லமாட்டா என்றுதான் நினைத்தேன். நான் சொன்னதை எல்லாம் கேட்டா.

"போட்டவர்தான். நான்தான் ஒவ்வொரு நாளும் பாதியா உடைச்சுக் குடுத்துவிடுறனான்" என்றா. பிறகு, "ஆனா அவரைப் பொய்யர் எண்டு ஊருக்குச் சொல்ல என்னால ஏலாது அண்ணை" என்றா.

"ஊருக்குச் சொல்ல வேண்டாம். தங்கச்சிக்கு மட்டும் சொல்லுங்கோ. அவளின்ர கால் பழுதாகுது."

அவா எழும்பி உள்ளே போனா. முடியாது என்கிறா என்று நான் செருப்பைப் போட்டேன். வெளியில் போகும் சீலை உடுத்துக்கொண்டு வந்து, "வெளிக்கிடுங்கோ" என்றா.

தங்கச்சி வீட்டில் அவா கதிரையில் இருக்கவில்லை. நிலத்தில் இருந்து, தங்கச்சியின் காலை மடியில் எடுத்துத் துணியை அவிழ்த்தா. சீழ் மணம் வந்தது. நான் முகத்தைத் திருப்பினேன். அவா திருப்பவில்லை.

"பிள்ளை, அவர் குளிசை போட்டவர். சாகும் மட்டும் போட்டவர். எல்லாரும் கை தட்டினாப் பிறகு இல்லையெண்டு சொல்ல வெக்கப்பட்டவர். வெக்கம் அவருக்கு. கால் உனக்கு."

தங்கச்சி அழுதாள். உன்னைத் திட்டினாள். உன் மனிசிக்கு முன்னாலேயே திட்டினாள். அவா காலைத் தடவிக்கொண்டே இருந்தா.

அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வார்டில் படுக்கச் சொல்லி மறித்துவிட்டார்கள். சின்னவிரல் போய்விட்டது. கால் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் என்று டொக்டர் சொல்லத் தொடங்கினார். நான் மிச்சத்தைக் கேட்காமல் வெளியே வந்துவிட்டேன்.

உன் மருமகன் வார்டுக்கு வந்து பார்த்தார். புதுப் பக்கற்றில் அந்த இரண்டு வரியும் இல்லை. தீட்டாத சிவப்பரிசி என்று மட்டும் இருக்கிறது. படம் இருக்கட்டும் என்று உன் மனிசி சொல்லிவிட்டாவாம். ஆனாலும் கிளிநொச்சிப் பக்கம் போகும்போதெல்லாம் கடைக்குள் நுழைந்து பக்கற்றைத் திருப்பிப் பார்க்கிறேன். எப்போது மறுபடி என்ன எழுதுவார்கள் என்று யாருக்குத் தெரியும்?

நீ வெட்கத்தில் சொன்னாயா, சனத்தைச் சோற்றின் பக்கம் திருப்பச் சொன்னாயா? எனக்கு ஒன்று சொன்னாய், உன் மனிசி வேறொன்று நினைக்கிறா. எது சரி என்பதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான்.

வார்டால் வந்த பிறகு தங்கச்சி குளிசையை ஒழுங்காகப் போட்டாள். உன் அரிசியைத்தான் தொடவில்லை. கோபத்தில் வெள்ளைச் சோறு சாப்பிட்டாள். நான் வற்புறுத்தவில்லை. இன்று மத்தியானம் போனேன். அவளே உன் அரிசியைச் சமைத்திருந்தாள். அளவாக ஒரு அகப்பை போட்டுக்கொண்டு, முதல் பிடியை நிறைய நேரம் சப்பினாள். ஏன் மனம் மாறினாய் என்று கேட்டேன்.

"அரிசி ஒண்டும் சொல்லேல்லையே அண்ணா. சொன்னது அவர்தானே" என்றாள்.

இந்தப் போகம் என் வயலிலும் மொட்டைக்கறுப்பன் நிற்கிறது. கஞ்சி குடிக்கிறேன். ஆர் பார்த்தாலும் மறைக்காமல் அரைக் குளிசையைப் போடுகிறேன். இவ்வளவும் நீ தந்தவைதான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த விரலுக்காக இன்னும் ஒரு மாதம் உன்னோடு கதைக்காமல் இருக்க வேண்டும் போல் இருக்கிறது மச்சான். அதற்கும் நீ இல்லை.