கழுத்துச் சுளுக்கு

பிப்ரவரி 9, 1976

கடலைக்காய் மூட்டை தூக்கியதில் அவருக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது. நேரே ஊரில் சுளுக்கு வழிக்கும் மயிலாத்தாள் வீட்டுக்குப் போய்விட்டார். ரெட்டைப் பிள்ளை பெற்றவள் கை பட்டால் சுளுக்கு போய்விடுமாம். கல்யாணமாகி ஒன்பது வருஷம், ஒரு பிள்ளைக்கும் வழியில்லாத நான் தைலப் பாட்டிலோடு உட்கார்ந்திருக்கிறேன்.

பிப்ரவரி 10

வலி போகவில்லை. "இன்னொருக்கா மயிலாத்தாகிட்டக் கேட்டுப் பாக்கறேன்" என்றார். அவள் விரல் இவர் கழுத்தில் — வயிறு எரிந்தது. "ஏனுங்க, எனக்குக் கை இல்லீங்களா?" உட்காரவைத்து, தாடையைப் பிடித்து வெடுக்கென்று திருப்பினேன். மளுக்கென்று சொடுக்கு விழுந்தது. ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது.

பிப்ரவரி 12

காலையில் சட்டைப் பித்தான் போட வலது கை வரவில்லை. பேச்சு குளறி, அவர் சொன்னது ஒன்றும் புரியவில்லை. கார் பிடித்துக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு வந்தோம். "கழுத்துல அடிபட்டுதா, யாராவது திருப்புனாங்களா?" என்றார் டாக்டர். இல்லை என்றேன். வெளியே வந்ததும் மாமியார், "அந்த மயிலாத்தா என்ன பண்ணித் தொலைச்சாளோ" என்றார். பழி அவள் மேலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். என்ன பிறவி நான்?

பிப்ரவரி 13

மூளையில் ரத்தம் கசிந்திருந்தால் ரத்தத்தை உறையவிடாத ஊசி ஆளையே கொன்றுவிடும், அடைப்பென்றால் அதே ஊசி காப்பாற்றும் என்று டாக்டர் தயங்கினார். அதற்குமேல் தாங்கவில்லை. "நாந்தானுங்க திருப்பினேன்." மாமியார் பக்கத்திலேயே நின்றார்.

உடனே கழுத்தில் மருந்து ஏற்றிப் படம் எடுத்தார்கள். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயின் உள்சுவர் கிழிந்திருக்கிறது. அங்கே உறைந்த ரத்தம் துணுக்காகி மேலே போயிருக்கிறது. இனி அந்த ஊசிதான்.

பிப்ரவரி 17

கட்டை விரல் அசைந்தது.

மார்ச் 14

வீடு வந்தோம். மாமியார் இன்னும் என்னோடு பேசவில்லை. மயிலாத்தாள் பார்க்க வந்தாள். "கால், இடுப்புன்னா வழிச்சு உடுவனுங்க டீச்சர். கழுத்துல கை வெக்கவே மாட்டேன். அன்னைக்கே தொடாமத்தான் திருப்பி அனுப்புனேன்."

தொடவே இல்லை. நான்தான் தொட்டேன்.

மார்ச் 22

மருந்தின் அளவு பார்க்க வாரம் ஒருமுறை ரத்தம் சோதிக்க வேண்டும்; எங்கள் ஊருக்குப் பாலக்காடுதான் கிட்டம். எனக்குப் பள்ளியில் பரீட்சை வேலை. மயிலாத்தாளை நானேதான் கூட அனுப்பினேன். இருவரும் பஸ் ஏறியபோது எரியத்தான் செய்தது. சட்டைப் பித்தானை இன்று அவரே போட்டிருந்தார். ஜன்னலோரம் உட்கார்ந்தவர், கழுத்தைத் திருப்பாமல் உடம்பையே மெல்லத் திருப்பி, பஸ் வளைவு தாண்டும்வரை என்னையே பார்த்துக்கொண்டு போனார்.