சறுக்கிப் படித்த வார்த்தை

அன்புள்ள பெரியவளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் சின்னவனும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே வீட்டில் எல்லாரும் சௌக்கியம். அப்பாவுக்கு மட்டும் முட்டிவலி, வலி அவருக்கு, புலம்பல் வீடு முழுக்க. போனில் சொல்லலாம்தான், ஆனால் நீ பாத்திரம் கழுவிக்கொண்டே ம் ம் என்பாய், பாதி காதில் விழாது. அதனால்தான் காகிதம். சின்னவன் எழுத்து முழுவதையும் ஒப்பிக்கிற வீடியோ பார்த்தேன். அப்பா தெரு முழுக்கக் காட்டிவிட்டு வந்தார். நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை, அதற்கு நீ கோபித்துக்கொண்டாய் என்று உன் தங்கை சொன்னாள். ஏன் பேசாமல் இருந்தேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம், முழுசாகப் படி.

இந்த வருஷம் என் ஒன்றாம் வகுப்பில் ஒரு பெண் இருக்கிறாள், உருவம் சின்னது என்பதால் எல்லாரும் கொசு என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவள் அம்மாவுக்குப் பெட்டியில் சாமான் அடைக்கும் கம்பெனியில் வேலை, ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி. கொசுவுக்கு எழுத்தெல்லாம் தெரியும். எதைக் காட்டினாலும் சொல்வாள். ஆனால் மரம் என்று எழுதிப் படி என்றால் ம, ர, இம் என்று ஒவ்வொன்றாக நின்று நின்று சொல்லிவிட்டு, என்ன வார்த்தை என்று கேட்டால் என் முகத்தைப் பார்ப்பாள். மூன்று எழுத்தும் அவளுக்கு மூன்று வீடு, மூன்றிலும் கதவு சாத்தியிருக்கிறது. இக், இங் என்று ராகம் போட்டுக் கத்த வைத்தே வளர்க்கிறோம், பிறகு அந்த இம் எப்படி மரத்தில் போய் ஒட்டும். இப்படி ஏழெட்டுப் பிள்ளைகள். எல்லாரும் அந்தக் கம்பெனிக் குடியிருப்புப் பிள்ளைகள், வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்ட ஆள் இல்லாதவர்கள்.

எங்கள் தலைமை ஆசிரியர், நாங்கள் பெரிய சார் என்போம், இவர்களுக்கு ஒரு வழி கண்டுபிடித்தார். மேலதிகாரி வந்து சோதித்ததும், படிக்காத பிள்ளைகளைப் பின்பக்க அறைக்கு மாற்றிவிடுவது. எந்த டீச்சருக்கு ஓய்வோ அவர் போய்ப் பார்த்துக்கொள்வாராம். ஓய்வு எந்த டீச்சருக்கு இருக்கிறது. அடுத்த பள்ளிக்கூடத்தில் இதே மாதிரி ஒதுக்கிய பிள்ளைகளில் ஒருத்தர்கூடப் பழைய வகுப்புக்குத் திரும்பி வரவில்லை. கொசுவின் அம்மா வேலை முடிந்த கையோடு கேட்டில் வந்து நின்று, அந்த ரூமுக்குப் போனா திரும்பி வருவாளா டீச்சர் என்று கேட்டாள். வரமாட்டாள் என்றேன். பூசி மெழுகி என்ன பிரயோஜனம். அப்ப போக விடாதீங்க என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவ்வளவுதான் பேச்சு.

யோசித்துப் பார்த்தால் குறை எழுத்தில் இல்லை, நிறுத்தத்தில். ஒரு எழுத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் குரல் அறுந்துபோகிறது. அறாமல் இழு என்று சொன்னால் ஆறு வயசுக்கு என்ன புரியும். ஆயாம்மா வராந்தாவைத் துடைத்துக் காய்ந்த பிறகு பிள்ளைகள் ஷூவைக் கழற்றிப்போட்டு சாக்ஸோடு சறுக்குவார்கள், நாங்கள் திட்டுவோம். அன்று நான் திட்டவில்லை. சுவரில் மூன்று எழுத்தட்டையை இடைவெளி விட்டு ஒட்டினேன். சறுக்கிக்கொண்டே எந்த எழுத்துக்கு நேராகப் போகிறாயோ அதைச் சொல், கால் நிற்கிற வரைக்கும் குரலும் நிற்கக் கூடாது, இம் என்று வாயைத் திறக்காதே, உதட்டை மூடிக்கொண்டு ம்ம்ம் என்று போ என்றேன். கொசு ஓடி வந்து மஅஅரஅஅம்ம் என்று சறுக்கிப்போய்க் கடைசிச் சுவரில் இடித்து உட்கார்ந்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, மரம் டீச்சர், அந்த மரம் என்றாள். அதற்குப் பிறகு அவளை யாராலும் பிடிக்க முடியவில்லை. பெரிய சார் வந்து பார்த்துவிட்டு, இது வகுப்பா சர்க்கஸா என்றார். சர்க்கஸுக்கு டிக்கெட் உண்டு சார் என்றேன். வீட்டில் சொன்னதும் அப்பா, உனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான் என்று சொல்லிவிட்டு அவரே உட்கார்ந்து அட்டை வெட்டிக் கொடுத்தார்.

மேலதிகாரி அம்மா வந்தார். வழக்கம் உனக்குத் தெரியுமே, பாடப்புத்தகத்தில் வருஷம் முழுக்கக் கூட்டமாகக் கத்திய பக்கத்தையே திறந்து கொடுப்பார்கள். டாக்டர் வீட்டுப் பையன் பக்கத்தைத் திருப்புவதற்கு முன்பே படிக்க ஆரம்பித்துவிட்டான். பெரிய சாருக்கு முகமெல்லாம் சிரிப்பு. நான் எழுந்து, புத்தகத்தில் இல்லாத வார்த்தை ஒன்று எழுதுங்கள், அர்த்தமே இல்லாவிட்டாலும் சரி என்றேன். அந்தம்மா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கரும்பலகையில் மலுபி என்று எழுதினார். டாக்டர் பையன் படம் எங்கே என்று தேடினான், பிறகு மலை என்றான். பேங்க் மானேஜர் பெண் மலர் என்றாள். கொசுவின் முறை வந்தது. டெஸ்குக்கு அடியில் அவள் குதிகால் மெதுவாகத் தரையை இழுப்பது எனக்குத் தெரிந்தது. மஅலுஉபி, மலுபி என்றாள். அப்படின்னா என்ன என்று கேட்டாள். ஒண்ணும் இல்லை என்றார் அந்தம்மா. பின்ன எதுக்கு எழுதுனீங்க என்றாள். அந்தம்மா சிரித்து நான் பார்த்ததே இல்லை, அன்று சிரித்தார்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு ஆறவே இல்லை. அந்த வார்த்தையைப் படிக்காதவர்கள் வகுப்பில் பாதிக்கு மேல், அதில் பெரிய வீட்டுப் பிள்ளைகள்தான் அதிகம். மறுநாள் காலையிலேயே அந்த வீடுகளிலிருந்து பெரிய சாருக்குப் போன் மேல் போன். மத்தியானத்துக்குள் அந்தப் பின்பக்க அறையில் ஈரம் இருக்கிறதாம், குழந்தைகளுக்கு ஆகாதாம், பிரிக்கிற திட்டமே கிடையாதாம். கம்பெனிக் குடியிருப்புப் பிள்ளைகள் மட்டும் போவதாக இருந்த வரைக்கும் அந்த அறையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. இப்போது மொத்த வகுப்பும் வராந்தாவில் சறுக்குகிறது. அது அவர் யோசனை என்று ஊருக்கெல்லாம் சொல்கிறார், சொல்லிக்கொள்ளட்டும். கொசுதான் அங்கே சட்டாம்பிள்ளை. நிக்காதடா, வாய நிறுத்தாத என்று டாக்டர் பையனை விரட்டுகிறாள்.

நேற்று சாயங்காலம் அவளைக் கேட் வரைக்கும் கூட்டிக்கொண்டு போனேன். கண்ணில் படுகிற எழுத்தையெல்லாம் படித்துக்கொண்டே வந்தவள் அந்தப் பின்பக்க அறை வாசலில் நின்றுவிட்டாள். கதவுக்கு மேலே தகரப் பலகை. உடைந்த சாமான் அறை என்று இழுத்து இழுத்துப் படித்தாள். படித்துவிட்டு, இதுலயா டீச்சர் எங்கள விட இருந்தாங்க என்றாள். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல, படிக்கக் கற்றுக்கொடுத்ததே நான்தானே. இன்று காலை அந்தப் பலகையைக் கழற்றினால்தான் வகுப்புக்குப் போவேன் என்று பெரிய சார் அறைக்கு முன்னால் உட்கார்ந்தேன். கழற்றிவிட்டார்கள்.

அதனால் சின்னவன் ஒப்பிக்கிறதைப் பார்த்து மயங்காதே. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அவனுக்குத் தெரியாத ஒரு வார்த்தையை எழுதிக் காட்டிப் பார். தடுமாறினால் திட்டாதே, அவனும் கெட்டிக்காரன்தான், அறுக்காமல் இழுக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். சாக்ஸ் போட்டு வராந்தாவில் விடு, நாலு நாளில் வந்துவிடும். மேசை முனை ஜாக்கிரதை. மாப்பிள்ளையை வேளைக்குச் சாப்பிடச் சொல், நீயும் நின்றுகொண்டே சாப்பிடாதே. அப்பா முட்டிக்கு அந்தத் தைலம் கேட்கிறார், வாங்கி அனுப்ப மறந்துவிடாதே. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் மனம் நிறைந்து இருக்க வேண்டும், அதுதான் எனக்கு.

கொசுவுக்கும் உனக்கும் ஒரே மாதிரி வாய் என்கிற அப்பாவின் அன்போடு,
உன் அம்மா