லஸ்லோவுக்கு நான் காட்டிய முதுகு

அன்பு மார்கித் அன்ரி,

உங்களைப் புதைத்த மண்ணின் ஈரம் இன்னும் ஆறவில்லை. என் கோபமும் ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

செத்தவீட்டுக்கு உங்கள் முன்னாள் புருசன் லஸ்லோ வந்திருந்தார். மைக் இருக்கிற இடத்துக்கு அந்த மனுசன் வராமல் இருக்கமாட்டார் என்று நீங்கள் முன்பே சொன்னதுதானே. கறுப்புக் கோட்டும் பட்டுச் சால்வையுமாக முதல் ஆளாய்ப் பேச எழும்பினார்.

ஸ்காபரோவில் நம் அடுத்தடுத்த அபார்ட்மெண்டுகளில், உங்கள் தலைக்குச் சாயம் பூசிவிடும்போது கேட்ட கதை எல்லாம் எனக்கு மனப்பாடம். புடாபெஸ்டில் சனம் உங்கள் பெயரைப் பார்த்துத்தான் நாடகத்துக்கு டிக்கெட் எடுத்தது. படங்களிலும் நீங்கள் கதாநாயகி. அகதியாக ரொறன்ரோவுக்கு வந்த பிறகு நாடகக்காரர்கள் உங்களைக் கேட்டுப் போன் எடுத்தார்கள். போனைத் தூக்கிப் பதில் சொன்னது லஸ்லோ. மார்கித் நடிப்பை விட்டுவிட்டாள் என்று ஒவ்வொருவருக்கும் சொல்லி வைத்தார். நீங்களோ ஒருவரும் கூப்பிடவில்லையே என்று குசினிக்குள் அடுப்படியில் நின்று வசனம் பாடமாக்கிக்கொண்டிருந்தீர்கள். உண்மை தெரிந்து அவரை விட்டுப் போகும்போது உங்களுக்குத் தலை நரைத்துவிட்டது. அவர் மட்டும் இங்கே பெரிய டைரக்டர். இதை எப்படிப் பொறுத்தீர்கள் அன்ரி?

உங்கள் பழைய படத்தை வீடியோவில் போட்டுக் காட்டினீர்களே, நினைவிருக்கிறதா? கலியாண விருந்தில் கதாநாயகன் பொய்யாய்ப் புகழ்ந்து பேசுவான். நீங்கள் எழும்பி, அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பீர்கள். அவன் எவ்வளவு கத்தினாலும் என் கண் உங்கள் முதுகிலேயே இருந்தது. எங்கள் ஊரில் முதுகு காட்டுவது தோற்று ஓடுகிறவன் வேலை என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். "ஓடினால்தான் தோல்வி. நின்ற இடத்திலேயே நின்று காட்டிப் பார்" என்றீர்கள்.

உங்கள் செத்தவீட்டில் காட்டினேன்.

லஸ்லோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என் மேல் வைத்த அன்பினால் மார்கித் தானாகவே மேடையை விட்டாள்" என்றார். முன்வரிசையில் இருந்த நான் எழும்பித் திரும்பி நின்றேன். அத்தனை கறுப்பு உடுப்புக்கு நடுவில் என் வெள்ளைச் சேலை ஒன்றுதான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவருடைய குரல் தடுமாறுவது எனக்குக் கேட்டது. பிறகு, உங்களோடு அந்தக் காலத்தில் நடித்த எதெல் தடியை ஊன்றி எழும்பித் திரும்பினார். அதற்குப் பிறகு இன்னும் பலர். லஸ்லோ பேச்சைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்த் தன் கதிரையில் இருந்துவிட்டார்.

காரில் என் அவர், "உமக்கென்ன விசரோ? செத்தவீட்டில உப்பிடியே செய்யிறது?" என்று ஏசினார்.

"ஓம், செய்தனான். இன்னும் செய்வன்" என்றேன்.

பாவம், கிழவன் என்று மனம் இளகுமோ என்று பார்த்தேன். இளகவில்லை. உங்களுக்குக் குசினிக்குள் போன வருசங்களை யார் தருவது?

அவருக்கும் வயதாகிவிட்டது. கதிரையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார். அவருடைய செத்தவீட்டுக்கும் நேரத்தோடு போய் முன்வரிசையில் இடம் பிடிப்பேன். அவரைப் புகழ முதல் ஆள் வாய் திறந்ததும் எழும்புவேன். வெள்ளைச் சேலையைத் தோய்த்து, அயர்ன் பண்ணி, மடித்து வைத்திருக்கிறேன் அன்ரி.

உங்கள் பெறாமகள்,
ராஜி